பெயர் மாறிய பட அட்டையும் நிறம் இழந்த தொலைக்காட்சியும்

மனிதருக்கு மட்டுமன்றிப் பொறிகளுக்கும் பெயர் மாறாட்டம் நேர்வதுண்டு. வெளுத்ததெல்லாம் பாலென்று கொள்ளலாகாது என்பர் நம் முன்னோர். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் பெயரைக் கண்டு உள்ளிருக்கும் பொருளைத் துணிவதும் அத்தகைய தவறேயாம். கணினி யுகத்திலே இத்தவறு மிகுதியாக நிகழ்கின்றது. அதனாற் பணம் வீணாகின்றது, காலம் வீணாகின்றது, சில வேளைகளில் நல்ல நிலையிலுள்ள ஒரு பொறியே குப்பைக்குப் போய்விடுகின்றது.

யாழ்ப்பாணத்துத் தீவுப் பகுதியிலே, ஊர்காவற்றுறையை அடுத்திருக்கும் கரம்பொன்னை நினைத்துப் பாருங்கள். 1990ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் போரின் காரணமாகத் தீவக மக்கள் பெருந்தொகையினர் ஊரைவிட்டுப் பெயர்ந்தனர். அவர்களுட் பலர் இன்று கனடாவிலும் இங்கிலாந்திலும் பிரான்சிலும் வாழ்கின்றனர். ஊரிலே இருப்போருக்கும் கடல் கடந்து இருப்போருக்கும் இடையே கடிதங்களும் பொதிகளும் செல்வது வழக்கம். அப்பொதிகளிலே சில வேளைகளிற் பழைய கணினியும் வந்து சேரும். “இங்கே இதற்கு வேலையில்லை, அங்கே பிள்ளைகள் படிக்கட்டும்” என்ற நல்லெண்ணமே அதன் காரணம்.

ஓர் உதாரணத்தைக் கொள்வோம். ரொறன்ரோவிலிருந்து ஒரு மேசைக் கணினி கரம்பொன்னிலுள்ள ஒரு வீட்டுக்கு வந்து சேர்ந்தது என்க. அதனுடன் திரை வரவில்லை. கண்ணாடிப் பாரம் அதிகம் என்று விட்டுவிட்டார்கள். வீட்டிலோ ஒரு பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. கணினியின் பின்புறத்திலே தொலைக்காட்சிக்குப் படம் அனுப்பும் வட்டத் துளை ஒன்றும் உண்டு. இரண்டையும் இணைத்தால் என்ன என்று வீட்டுப் பிள்ளை எண்ணுகின்றான். இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்னும் இயங்குதளத்தையும் ஏற்றிவிடுகின்றான். படம் வருகின்றது, ஆனால் நிறம் இல்லை. கணினியின் விவரப் பக்கத்தைத் திறந்தால், பெட்டியில் எழுதியிருந்த பட அட்டையின் பெயருக்குப் பதிலாக முன்பின் கேட்டிராத ஒரு பெயர் நிற்கின்றது. “அட்டை பழுது” என்று அயலார் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். உண்மையிலே அங்கே எதுவும் பழுதில்லை. எப்படியென்று படிப்படியாக ஆராய்வோம்.

மின்சாரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை

ஆராய்ச்சிக்கு முன்னர் உயிருக்கும் பொருளுக்கும் உரிய ஓர் எச்சரிக்கையைக் கூறல் வேண்டும். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று அழுத்தமுடையது. இலங்கையிலோ அது 230 வோல்ற்று. பழைய மேசைக் கணினிகள் சிலவற்றின் மின்வழங்கியின் பின்புறத்திலே 115 என்றும் 230 என்றும் குறித்த ஒரு சிறு ஆளி இருக்கும். அது 115இல் நிற்க, நமது மின்சாரத்தை இணைத்தால் வெடியோசையுடன் மின்வழங்கி அழிந்துபோதல் உறுதி. ஆகவே மின்வடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, அந்த ஆளியை 230க்கு மாற்றிய பின்னரே கணினியை இயக்க வேண்டும். ஆளி இல்லையாயின் மின்வழங்கியில் ஒட்டியுள்ள தாளைப் படியுங்கள். “100-240” என்று இருந்தால் அது இருவகை மின்சாரத்தையும் ஏற்கும். 115 அல்லது 120 என்று மட்டுமே இருந்தால் அதனை நமது மின்சாரத்திலே நேரடியாக இணைத்தலாகாது.

ஒரு பொருளுக்கு மூன்று பெயர்கள்

கணினியிலே திரைக்குரிய படத்தை ஆக்கித் தரும் உறுப்பையே பட அட்டை என்கின்றோம். இதற்கு மூன்று பெயர்கள் உண்டு என்பதை அறிந்தால் பாதிக் குழப்பம் நீங்கிவிடும்.

முதலாவது, கடைப் பெயர். அட்டையைப் பொருத்தி விற்ற நிறுவனம் பெட்டியின் மேல் அச்சிட்ட பெயர் அது. இரண்டாவது, சில்லின் பெயர். அட்டையின் நடுவே குளிர்விக்கும் உலோகத் தகட்டின் கீழ் மறைந்திருக்கும் சில்லை ஆக்கிய நிறுவனம் இட்ட பெயர் அது. ஒரே சில்லை வாங்கிப் பத்து நிறுவனங்கள் பத்துப் பெயர்களில் அட்டை செய்து விற்பதுண்டு. மூன்றாவது, அந்த வேளையிலே படத்தை உண்மையாக வரைந்துகொண்டிருக்கும் நிரலின் பெயர். இம்மூன்றும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று எண்ணுவதனாலேயே மயக்கம் உண்டாகின்றது. ஒருவரை வீட்டிலே ‘ராசா’ என்றும், பதிவேட்டிலே ஒரு பெயராலும், தொழிலிடத்திலே ‘மாஸ்ரர்’ என்றும் அழைப்பதில்லையா? அதுபோலத்தான் இதுவும்.

எண்ணே உண்மைச் சான்று

பெயர் மாறினாலும் மாறாத ஒன்று உண்டு. ஒவ்வொரு சில்லும் தன்னைப் பற்றிய அடையாள எண்ணைத் தன்னுள்ளே தாங்கியிருக்கின்றது. அதிலே இரண்டு பகுதிகள் உள. முற்பகுதி ஆக்கிய நிறுவனத்தைக் குறிக்கும்; பிற்பகுதி சில்லைக் குறிக்கும். இன்டெல் நிறுவனத்தின் எண் 8086. ஏ.ரீ.ஐ. நிறுவனத்தின் எண் 1002. இந்த ஏ.ரீ.ஐ. நிறுவனம் 1985இல் ரொறன்ரோப் பகுதியிலே தொடங்கப்பட்டு, பின்னர் நம்மவர் பெருந்தொகையாக வாழும் மார்க்கம் நகரிலே தலைமையகம் கொண்டு வளர்ந்தது, 2006இல் ஏ.எம்.டி. நிறுவனத்துடன் இணைந்தது. ஆகையால் கனடாவிலிருந்து வரும் பழைய கணினியில் அதன் சில்லு காணப்பட்டால் அதில் வியப்பில்லை.

லினக்ஸிலே இந்த எண்ணைப் பார்ப்பது எளிது. கட்டளைப் பலகணியைத் திறந்து எல், எஸ், பி, சி, ஐ என்னும் ஐந்து ஆங்கிலச் சிற்றெழுத்துகளைச் சேர்த்துத் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, சிறு கோடும் அதனை ஒட்டி இரண்டு ‘என்’ எழுத்தும் இட்டால், கணினியின் உறுப்புகள் அனைத்தும் வரிசையாக வந்து நிற்கும். அவற்றுள் ‘வி.ஜி.ஏ.’ என்று தொடங்கும் வரியே பட அட்டைக்குரியது. அந்த வரியின் ஈற்றிலே பகர அடைப்புக்குள் 1002:5964 என்று இருக்குமானால், அது 2003ஆம் ஆண்டளவில் வந்த ரேடியான் 9200 எஸ்.ஈ. என்னும் சில்லு. பெட்டியிலே என்ன எழுதியிருந்தாலும் சரி, இந்த எண்ணையே நம்புங்கள்.

இங்கே ஒரு நுட்பத்தை மாணவர்கள் உய்த்துணர வேண்டும். சில்லு தன் எண்ணை மட்டுமே சொல்கின்றது; பெயரைச் சொல்வதில்லை. எண்ணுக்குரிய பெயரைக் கணினியில் உள்ள ஒரு பட்டியலிலே தேடி லினக்ஸ் நமக்குக் காட்டுகின்றது. அப்பட்டியல் பழையதாயின் புதிய சில்லுக்குப் பெயர் காணாது, அறியாத உறுப்பு என்று மட்டும் காட்டும். ஒரே எண்ணுக்கு இரண்டு மூன்று விற்பனைப் பெயர்கள் இருந்தால் அவற்றை எல்லாம் அடுக்கிக் காட்டும். அதனைக் கண்டு சில்லு தவறென்று முடிவு கட்டலாகாது. பட்டியலைப் புதுப்பித்தால் பெயர் திருந்தும். எண் என்றும் ஒன்றே.

ரேடியான் 9200 போன்ற பழைய அட்டைகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. ஒரே அட்டை பட்டியலிலே இரு முறை தோன்றும். இரண்டாவது வரியில் ‘செக்கண்டரி’, அதாவது துணை என்ற சொல் நிற்கும். ஒன்று நல்லது, மற்றது பழுது என்று எண்ணி அட்டையைக் கழற்றிப் பார்த்தோர் பலர். ஒரே அட்டை இரண்டு திரைகளுக்கு உழைக்க வல்லது என்பதற்காக வைத்த இரண்டாவது கதவே அது.

உண்மையில் வரைபவர் யார்?

இப்போது அந்த முன்பின் கேட்டிராத பெயருக்கு வருவோம். அமைப்புகளின் விவரப் பக்கத்திலே பட அட்டைக்கு நேரே ‘எல்.எல்.வி.எம். பைப்’ என்று காணப்பட்டால் என்ன பொருள்? அப்படி ஓர் அட்டை உலகிலே இல்லை. அது ஒரு நிரல். முப்பரிமாணப் படங்களை வரையப் பட அட்டையைப் பயன்படுத்த இயலாதபோது, கணினியின் மூளையாகிய மையச் செயலியே அந்தச் சுமையைத் தன் தலையில் ஏற்றிக்கொள்கின்றது. சமையற்காரர் வரவில்லையென்று வீட்டுத் தலைவரே அடுப்படிக்குப் போவது போன்ற நிலை அது. வேலை நடக்கும், ஆனால் மெதுவாக நடக்கும்.

இதற்குக் காரணம் அட்டையின் பழுதன்று, அதன் வயது. லினக்ஸிலே படம் வரையும் நிரற்றொகுதிக்கு மேசா என்று பெயர். 2022இல் வெளிவந்த மேசா 22.0 பதிப்பிலிருந்து மிகப் பழைய சில்லுகளுக்குரிய வரைநிரல்கள் நீக்கப்பட்டன. ரேடியான் 9200க்கு உரியதும் அவற்றுள் ஒன்று. அவை அம்பர் என்னும் தனிக் கிளையிலே பாதுகாக்கப்பட்டுள்ளன. ஆனால் திரையைத் திறந்து படத்தை வெளியே அனுப்பும் வேலை வேறொரு பகுதியைச் சார்ந்தது. லினக்ஸின் உட்கருவில் உள்ள ரேடியான் இயக்கி அதனைச் செய்கின்றது. ஆகையால் பெயர் மாறித் தோன்றினாலும் தொலைக்காட்சிக்குப் படம் போவதிலே தடையில்லை. நூல் வாசிக்கவும் நிழற்படம் பார்க்கவும் இது போதும். அவ்வளவு பழைய கணினிக்கு எந்தப் பதிப்பை ஏற்றுவது என்பதும் முக்கியம். 32 பிற்று வகைக் கணினியாயின் 2023இல் வந்த டெபியன் 12 பொருந்தும்; 2025இல் வந்த டெபியன் 13 அவ்வகைக்கு நிறுவுவதற்கு வழங்கப்படுவதில்லை.

நிறம் எங்கே போயிற்று?

அடுத்தது நிறத்தின் கதை. இதுவே இந்த நாடகத்தின் உயிர்நிலை எனலாம்.

உலகின் பழைய தொலைக்காட்சி முறைகள் ஒரே வகையின அல்ல. கனடாவிலும் அமெரிக்காவிலும் வழங்கியது என்.டி.எஸ்.சி. முறை. அதிலே ஒரு படம் 525 கோடுகளால் ஆனது. விநாடிக்கு ஏறக்குறைய 60 அரைப்படங்கள் செல்லும். இலங்கையிலும் இந்தியாவிலும் வழங்கியது பால் என்னும் முறை. அதிலே 625 கோடுகள். விநாடிக்கு 50 அரைப்படங்கள். இவ்வேறுபாட்டுக்கு அடிப்படை நாம் மேலே கண்ட மின்சாரமே. கனடாவின் மின்சாரம் விநாடிக்கு 60 முறை அலைகின்றது. நம்முடையது 50 முறை. தொலைக்காட்சியை வகுத்தோர் தத்தம் நாட்டு மின்சாரத்தின் துடிப்புக்கு ஒப்பவே படத்தின் துடிப்பையும் அமைத்தனர்.

நிறத்தை அனுப்பும் வகையும் வேறு. கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் ஒரு நுண்ணலையை ஏற்றி அதனிடம் நிறச் செய்தியைக் கொடுத்து அனுப்புவர். அந்த அலை என்.டி.எஸ்.சி. முறையிலே 3.58 மெகாஹேர்ட்ஸ், பால் முறையிலே 4.43 மெகாஹேர்ட்ஸ். பால் முறையை மட்டும் அறிந்த தொலைக்காட்சிப் பெட்டியானது 4.43இலேயே நிறத்தைத் தேடும். அங்கே எதுவும் கிட்டாதபோது நிறமில்லாத படத்தைக் காட்டிவிட்டு வாளாவிருக்கும். சில பெட்டிகளில் படம் மேலும் கீழும் உருண்டோடும்.

கனடாவிலே விற்ற அட்டையின் நினைவிலே என்.டி.எஸ்.சி. என்றே எழுதி வைத்திருப்பர். லினக்ஸின் ரேடியான் இயக்கி அந்தக் குறிப்பைப் படித்து அதன்படியே நடக்கின்றது. அது சொன்னதைச் செய்கின்றது. நாம் கரம்பொன்னில் இருக்கின்றோம் என்பதை அதற்கு யாரும் சொல்லவில்லை!

மருந்து யாது?

முதலில் தொலைக்காட்சிப் பெட்டியின் பட்டியலிலே ‘கலர் சிஸ்ரம்’ என்ற இடத்தைப் பாருங்கள். பிற்காலப் பெட்டிகள் பல இரு முறைகளையும் அறியும். அங்கே பால் என்று கட்டி வைத்திருந்தால் ‘ஓட்டோ’ என்று மாற்றுங்கள். பல வீடுகளில் இதனோடே காரியம் முடிந்துவிடும்.

முடியாவிடின் கணினியிடம் சொல்ல வேண்டும். எக்ஸ், ஆர், ஏ, என், டி, ஆர் என்னும் ஆறெழுத்துக் கட்டளை அதற்கு உதவும். லினக்ஸிலே எக்ஸ், வேலண்ட் என இருவகைத் திரை முறைகள் உள. இக்கட்டளை எக்ஸ் முறையில் உள்நுழைந்தால் மட்டுமே இவ்வேலையைச் செய்யும். முதலில் அதனுடன் ‘புறொப்’ என்ற துணைச் சொல்லைச் சேர்த்தால் ஒவ்வொரு வெளிவாயிலின் இயல்புகளும் தோன்றும். எஸ்-வீடியோ வாயிலின் கீழே ‘டி.வி. ஸ்ராண்டர்ட்’ என்ற இயல்பைக் காண்பீர்கள். அதன் மதிப்பை என்.டி.எஸ்.சி. என்பதிலிருந்து பால் என்பதற்கு மாற்றினால் போதும். இழந்த நிறம் மீண்டு வரும். இந்த மாற்றம் கணினியை அணைத்ததும் மறைந்துவிடும். ஆகவே சரியென்று கண்ட பின்னர் அதனைத் தொடக்கக் கட்டளைகளோடு சேர்த்துவிடுங்கள். இவ்வகைப் பழைய ரேடியான் சில்லுகளிலே தொலைக்காட்சிப் படம் 800க்கு 600 என்ற ஓர் அளவிலேயே கிட்டும் என்பதையும் நினைவிற் கொள்க. வேறு அளவைத் தேடி அலைய வேண்டாம்.

அப்பொழுதும் நிறம் வரவில்லையா? வடத்தைச் சோதியுங்கள். எஸ்-வீடியோ முறையிலே ஒளிச் செய்தி ஒரு கம்பியிலும் நிறச் செய்தி வேறொரு கம்பியிலும் செல்கின்றன. அதனை மஞ்சள் முனையுள்ள ஒற்றைக் கம்பியாக மாற்றும் மலிவான இணைப்பிகள் சில, நிறக் கம்பியை விட்டுவிட்டு ஒளிக் கம்பியை மட்டும் தொடுக்கின்றன. அத்தகைய இணைப்பியோடு எந்தக் கட்டளையும் பலிக்காது. தீவகத்திலே கடற்காற்றின் உப்பும் ஒரு பகை. பழைய முனைகளிலே பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் முனையைத் துடைத்தோ வடத்தை மாற்றியோ பாருங்கள். அட்டையின் பொன்னிறப் பற்களைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்துத் துடைத்து மீண்டும் செருகுவதும் நற்பலன் தரும். இவற்றையெல்லாம் மின்வடத்தைக் கழற்றிய பின்னரே செய்தல் வேண்டும்.

இல்லாத தொலைக்காட்சி

இதற்கு நேர்மாறான விந்தையும் உண்டு. தொலைக்காட்சியே இணைக்காதபோது, இணைத்திருப்பதாகக் கணினி மயங்கும். வாயிலில் மின்சுமை இருக்கின்றதா என்று தடவிப் பார்த்தே அது தொலைக்காட்சியை அறிகின்றது. இருளிலே கயிற்றைத் தடவிப் பாம்பென்று அஞ்சுவது போல, சில சில்லுகள் வெறும் வாயிலைத் தொலைக்காட்சி என்று துணிந்துவிடும். 2008ஆம் ஆண்டளவில் வந்த சிறு மடிக்கணினிகளிலே இருந்த இன்டெல் 945 வகைச் சில்லு இதற்குப் பெயர் போனது. கண்ணுக்குத் தெரியாத அந்தத் திரைக்குப் பலகணிகள் ஓடி ஒளிந்துகொள்ளும். அல்லது திரையின் அளவு பொருந்தாமற் போகும்.

கணினி தொடங்கும்போது லினக்ஸின் உட்கருவுக்கு ஒரு சொல் கூறினால் இது தீரும். ‘வீடியோ’, சமக்குறி, ‘எஸ்வீடியோ-1’, முக்காற்புள்ளி, ‘டி’ என்ற இந்தத் தொடரை ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றித் தொடக்க வரியின் இறுதியிற் சேர்க்க வேண்டும். வீடியோ என்னும் முதற்சொல் சிற்றெழுத்திலும், வாயிலின் பெயர் பேரெழுத்திலும், ஈற்று ‘டி’ சிற்றெழுத்திலும் அமையும். அந்த வாயிலை மூடிவிடு என்பதே அதன் பொருள். முதலிலே ஒரு தடவைக்கு மட்டும் சேர்த்துப் பாருங்கள். தவறினால் மறுமுறை தொடங்கும்போது எல்லாம் பழையபடி ஆகிவிடும். பலன் கண்ட பின்னர் நிலைப்படுத்துங்கள்.

புதிய பெட்டிகளுக்கும் இது பொருந்துமா?

பழங்கதைதானே என்று இளைஞர்கள் எண்ணலாம். 2012இல் வெளிவந்த ராஸ்பெரி பை என்னும் உள்ளங்கை அளவான கணினியை மாணவர்கள் அறிவர். அதிலும் பழைய தொலைக்காட்சிக்குரிய வெளிவாயிலை இயல்பாக என்.டி.எஸ்.சி. முறையிலேயே அமைத்திருக்கின்றனர். அமைப்புக் கோப்பிலே ‘எஸ்.டி.டி.வி. மோட்’ என்ற வரிக்கு 2 என்ற மதிப்பைக் கொடுத்தால் அது பால் முறைக்கு மாறும். புதிய வெளியீடுகளில் இதே செய்தியைத் தொடக்க வரியிலே கொடுக்க வேண்டும். பொறி புதிது, வினா பழையதே.

எச்.டி.எம்.ஐ. வடத்தால் இணையும் தட்டைத் தொலைக்காட்சிகளிலே இந்த நிறக் குழப்பம் இல்லை. அங்கே தொலைக்காட்சியே தன் அளவுகளைக் குறித்த ஒரு சிறு சீட்டைக் கணினிக்கு நீட்டுகின்றது. அந்தச் சீட்டை வடம் சரியாகக் கடத்தாவிடின் தவறான அளவிலே படம் தோன்றும். அப்போது அட்டையைக் குறை கூறுமுன் வடத்தை மாற்றிப் பாருங்கள். படத்தின் ஓரங்கள் வெட்டுண்டால் அது தொலைக்காட்சியின் பழைய பழக்கம். அதன் பட்டியலிலே படத்தை முழுமையாகக் காட்டும் அமைப்பைத் தெரிந்தெடுத்தால் சீராகும்.

எதற்காக இத்தனை பாடு?

புதியதொன்றை வாங்கினால் ஆகாதா என்று கேட்கலாம். வசதியுள்ளோர் வாங்கட்டும். ஆனால் ஒரு வீட்டிலே இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கைத்தொலைபேசி மட்டுமே இருக்குமானால், சுவரோரம் கிடக்கும் பழைய கணினியும் தொலைக்காட்சியும் சேர்ந்து ஒரு வாசிப்பு மேசை ஆகிவிடுவது சிறு காரியமா? 2005ஆம் ஆண்டிலே தொடங்கப்பட்ட ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலே ஈழத்துத் தமிழரின் நூல்களும் பத்திரிகைகளும் மலர்களும் திரட்டி வைக்கப்பட்டுள்ளன. இணைய வசதி உள்ள இடத்திலே அவற்றை இறக்கி எடுத்து வந்தால், பிள்ளைகள் பெரிய திரையிலே வாசிக்கலாம். பெயர்ந்து போனவர்கள் அனுப்பும் நிழற்படங்களைப் பாட்டனும் பாட்டியும் கண்ணாடியைத் தேடாமல் நிறத்தோடு பார்க்கலாம்.

இந்தக் கரம்பொன்னிலேதான் 1913ஆம் ஆண்டில் தனிநாயக அடிகள் பிறந்தார். 1679ஆம் ஆண்டிலே அச்சான புறோயென்சாவின் தமிழ்-போர்த்துக்கேய அகராதியை 1966இலே மறுபடியும் உலகின் கண்ணுக்குக் கொண்டுவந்தவர் அவர். மங்கிய பழந்தாளையும் பயனற்றதென்று தள்ளாது பொறுமையோடு எடுத்துப் படித்த அந்த மனப்பான்மை அறிஞருக்கு மட்டும் உரியதன்று. ஒரு பழைய பொறியின் முன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கும் அது வேண்டும்.

மாணவ மாணவியரே! ஒரு பொருள் இயங்கவில்லை என்றால் மூன்று வினாக்களைக் கேளுங்கள். இது தன்னை யாரென்று சொல்கின்றது? நான் இதனை யாரென்று எண்ணுகின்றேன்? எந்த ஊருக்கென்று இதனை ஆக்கினார்கள்? ஒரு நேரத்திலே ஒரு மாற்றத்தை மட்டும் செய்யுங்கள்; செய்ததைக் குறித்து வையுங்கள். பழுதென்று ஒதுக்கிய பொருள்களுட் பல, வழங்கிய இடம் மாறியதனால் மொழி புரியாமல் நிற்பவையே. அவற்றோடு அவற்றின் மொழியிலே இரண்டு சொற் பேசினால் எத்தனையோ வீடுகளிலே நிறம் மீளும்.